பெயரறியாச் சிற்றுயிர்: குதிக்கும் சிலந்தியை இனங்காண ஒரு பாடம்

சிற்றுயிர்களிடத்தில் இரக்கம் காட்ட வேண்டும் என்பதை நம் இல்லங்களில் குழந்தைப் பருவத்திலேயே கற்பித்து விடுகிறோம். எறும்பு ஊரும் வழியில் கால் வைக்காதே, எரியும் விளக்கைத் திறந்து வைக்காதே, தண்ணீரை வடிகட்டிக் குடி என்பன நம் பிள்ளைகள் எழுத்தறியும் முன்னரே அறியும் பாடங்கள். ஆனால், நாம் இரக்கம் காட்டும் அவ்வுயிர் எது, அதன் பெயர் யாது, அது எதை உண்டு எங்கே உறங்குகிறது என்று எவரேனும் வினவினால் நம்மில் பலர் விடையின்றி நிற்போம். 37 ஆண்டுகள் பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பள்ளிகளில் பாடம் நடத்திய நாமும் அண்மையில் ஒரு நாள் அவ்வாறு நின்றோம்.

கோடை விடுமுறைக்கு நம் பேத்தி பெரம்பலூர் இல்லத்திற்கு வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு முடித்தவள். ஒரு நாள் காலை, முன்கூடத்துச் சுவரில் துவரம்பருப்பின் அளவே இருந்த கரிய உயிர் ஒன்று, இருந்த இடத்திலிருந்து நான்கு விரற்கடை தூரம் தாவியதைக் கண்டாள்.

"பாட்டி, இது என்ன?" என்றாள்.

"எட்டுக்கால் பூச்சி அம்மா" என்றோம்.

"காலை எண்ணிச் சொன்னால் பெயராகிவிடுமா? என்னை இரண்டுகால் பெண் என்றா கூப்பிடுகிறீர்கள்? இதற்கென்று ஒரு பெயர் இருக்குமே" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். விடை காண ஒன்பது நாட்கள் ஆயின. அந்நாட்களில் பாட்டியும் பேத்தியும் கற்றவற்றை, நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படும் வண்ணம் முறைப்படுத்தித் தருகிறோம்.

1. முதலில் வகை அறிதல்

எட்டுக்கால் பூச்சி என்னும் வழக்கிலேயே ஒரு பிழை உண்டு. பூச்சிக்கு ஆறு கால்கள். தலை, மார்பு, வயிறு என மூன்று உடற்பகுதிகள். தலையில் இரண்டு உணர்கொம்புகள். சிலந்திக்கோ எட்டுக் கால்கள், தலையும் மார்பும் ஒன்றிய முன்பகுதி, வயிறாகிய பின்பகுதி என இரண்டே பகுதிகள், உணர்கொம்பு கிடையாது. எனவே சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்தது அன்று. தேளுக்கும் உண்ணிக்கும் உறவானது.

சிலந்திகளுள் வலை பின்னிக் காத்திருப்பவை ஒரு சாரார். வலை பின்னாமல் நடந்து திரிந்து இரை தேடுபவை மற்றொரு சாரார். நம் சுவரில் இருந்தது இரண்டாம் சாராரைச் சேர்ந்த குதிக்கும் சிலந்தி. உலகில் அறியப்பட்ட சிலந்திக் குடும்பங்களுள் மிகப் பெரியது இதுவே. ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும்.

இக்குடும்பத்தை அறிய எளிய வழி அதன் முகத்தைப் பார்ப்பதாகும். எட்டுக் கண்களுள் நான்கு முன்வரிசையில் இருக்கும். அவற்றுள் நடுவிலுள்ள இரண்டும் பேருந்தின் முகவிளக்குகளைப் போலப் பெரியனவாக நம்மை நோக்கும். வேறெந்தச் சிலந்திக் குடும்பத்திலும் இம்முகம் இல்லை.

இது தாவும் விதமும் வியப்புக்குரியது. தத்துக்கிளியைப் போல இதற்குத் தடித்த தொடை இல்லை. உடலினுள் ஓடும் நீர்மத்தின் அழுத்தத்தைத் திடீரென உயர்த்திக் கால்களை நீட்டி எழும்புகிறது. தாவுமுன் தான் நிற்கும் இடத்தில் ஓர் இழையை ஒட்டிவிட்டே தாவும். குறி தவறினால் அவ்விழையில் தொங்கி மீண்டும் மேலேறும். கிணற்றில் இறங்குவோர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வதைப் போன்ற முன்னெச்சரிக்கை இது. இரவில் தங்கவும் முட்டைகளைக் காக்கவும் சிறு பட்டுப்பை போன்ற கூடு ஒன்றையும் பின்னும்.

2. நாம் செய்த பிழை

"ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ளலாமா, பாட்டி?" என்று அவள் கேட்டபோது நமக்கு ஐம்பதாண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாதது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், இயற்கை அறிவுப் பாடத்திற்கென ஒவ்வொருவரும் சிற்றுயிர்ப் பெட்டி ஒன்று ஒப்படைக்க வேண்டும் என்று விதித்திருந்தனர். வீட்டில் அறிந்தால் வருந்துவர் என்பது தெரியும். மறுத்தால் மதிப்பெண் குறையும் என்பதும் தெரியும். விளக்கடியில் மடிந்து கிடந்த வண்டுகளையும் ஈசல்களையும் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினோம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. விடுதிச் சுவரில் ஓடிய சிறு சிலந்தி ஒன்றைப் பிடித்து ஸ்பிரிட் நிறைந்த புட்டியில் இட்டோம். அதன் முகத்தில் செந்நிறம் இருந்தது நினைவிருக்கிறது. சில வாரங்களில் அந்நிறம் வெளுத்து மங்கிவிட்டது. புட்டியின் மேல் 'சிலந்தி' என்று மட்டும் எழுதி ஒட்டினோம். முழு மதிப்பெண் கிடைத்தது. ஆண்டு முடிவில் புட்டிகளோடு புட்டியாக அதுவும் குப்பைக்குச் சென்றது.

உயிரைக் கொன்றது ஒரு குற்றம். அதனால் ஓர் அறிவும் விளையவில்லை என்பது மற்றொரு குற்றம். எந்த ஊர், எந்த நாள், எந்தச் சுவர் என்று எழுதாத உடல் எந்த ஆய்வாளருக்கும் பயன்படாது. மதிப்பெண் என்னும் பயனுக்காக ஓர் உயிரைப் போக்கினோம். அந்த மதிப்பெண் பட்டியலும் இன்று நம்மிடம் இல்லை.

இதைப் பேத்தியிடம் சொன்னோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று ஒரு கண்ணாடித் தம்ளரும் பழைய அழைப்பிதழ் அட்டை ஒன்றும் எடுத்து வந்தாள்.

3. துன்புறுத்தாமல் நோக்கும் முறை

நாம் கைக்கொண்ட முறை இது. சிலந்தியின் மேல் கண்ணாடித் தம்ளரை மெல்லக் கவிழ்க்க வேண்டும். கால்கள் விளிம்பில் நசுங்காமல் பார்த்துக்கொள்க. சுவருக்கும் தம்ளருக்கும் இடையே அட்டையை மெதுவாகச் செருகினால் சிலந்தி அட்டைமேல் நின்றுவிடும். கையால் தொட வேண்டுவதில்லை. அதைச் சன்னலோரம் நிழலில் வைத்து, பூதக்கண்ணாடியால் பத்து நிமிடம் நோக்கினால் போதும். வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணாடிக்குள் வெப்பம் ஏறி அவ்வுயிர் மாண்டுவிடும். அட்டையில் முன்பே அளவுகோல் கோடுகளை வரைந்துகொண்டால் உடலின் நீளமும் தெரிந்துவிடும். கைப்பேசியில் மேலிருந்து ஒன்று, முகத்திற்கு நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று படங்கள் எடுத்த பின் அதே சுவரில் விட்டுவிட வேண்டும்.

நோக்கியதை உடனே எழுதுதல் இன்றியமையாதது. எழுதும்போது ஒரு விதியைக் கடைப்பிடித்தோம். கண்டதை ஒரு பத்தியிலும் கருதியதை வேறொரு பத்தியிலும் எழுத வேண்டும். 'கோபமாகப் பார்த்தது' என்று அவள் எழுதியதை அடித்துவிட்டு, 'முன்னங்கால்களை உயர்த்தி நின்றது' என்று எழுதச் செய்தோம்.

4. நாம் கண்டவை

பேத்தியின் ஏட்டில் உள்ள விவரம் வருமாறு:

உடலின் நீளம், கால்கள் நீங்கலாக, 6 மில்லிமீட்டர். உடல் பெரும்பாலும் கருமை. முகத்தில் கண்களைச் சுற்றி முகமூடி அணிந்தாற்போல் செம்பழுப்பு. முன்பகுதியின் பின்புறத்தில் பிறை வடிவில் ஒரு வெண்பட்டை. வயிற்றின் முன்விளிம்பில் மற்றொரு வெண்பிறை. வயிற்றின் பின்பாதியில் இரண்டு சிறு வெண்புள்ளிகள். கடைசியில் அவற்றினும் சிறிய இரண்டு. வாயருகே கால்போலத் தொங்கும் இரு சிறு உறுப்புகளில் வெண்மயிர். அவற்றை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருந்தது.

வாயருகே உள்ள அவ்வுறுப்புகளை உணர்கால்கள் என்பர். அவற்றின் நுனி குமிழ்போலப் பருத்திருந்தால் அது வளர்ச்சியுற்ற ஆண். மெலிந்திருந்தால் பெண் அல்லது இளஞ்சிலந்தி. நாம் கண்டதற்குப் பருத்திருந்தது. ஆகவே ஆண்.

5. ஒப்பிட்டு இனங்காணல்

நம் நாட்டு வீட்டுச் சுவர்களில் பரவலாகக் காணப்படும் குதிக்கும் சிலந்திகளுள் மூன்று, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. கப்பற் சரக்குகளோடும் செடி கொடிகளோடும் உலகின் வெப்பநாடுகள் எங்கும் பரவியவை. அம்மூன்றோடும் நம் குறிப்பை ஒப்பிட்டோம்.

முதலாவது மெனெமெரஸ் பைவிட்டாட்டஸ். உடல் தட்டையானது, சாம்பல் நிற மயிர் அடர்ந்தது, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளமுடையது. வெயில் படும் வெளிச்சுவர்களில் மிகுதியாகக் காணலாம். நாம் கண்டது கருமையும் திரட்சியும் உடையது. ஆகவே இது அன்று.

இரண்டாவது பிளெக்சிப்பஸ் பேகுல்லி. இது மூன்றனுள் பெரியது. 12 மில்லிமீட்டர் வரை வளரும். ஆணின் கரிய உடலில் தலை முதல் வால் வரை நீளவாக்கில் வெண்பட்டைகள் ஓடும். நாம் கண்டதில் பட்டைகள் குறுக்காகப் பிறைபோல் வளைந்திருந்தன. ஆகவே இதுவும் அன்று.

மூன்றாவது ஹசாரியஸ் அடான்சோனி. மூன்றனுள் சிறியது. ஆண் 6 மில்லிமீட்டர், பெண் 8 மில்லிமீட்டர் அளவினது. கரிய உடல், சிவந்த முகமூடி, வெண்மயிர் உணர்கால், இரண்டு வெண்பிறைகள், நான்கு வெண்புள்ளிகள் என நம் ஏட்டிலிருந்த ஒவ்வொரு குறிப்பும் இதனோடு பொருந்தியது.

ஐந்தாம் நாள் அதே சுவரில் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்றும் தென்பட்டது. இது அதன் துணையே என்று எழுதிவிடப் பேத்தி விரும்பினாள். நாம் இசையவில்லை. இக்குடும்பத்தின் பெண்கள் பல இனங்களில் ஒன்றுபோலவே பழுப்பாக இருக்கும். அவற்றின் அடிவயிற்றிலுள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை நுண்ணோக்கியில் கண்டே இனத்தை உறுதி செய்வர். எனவே, 'குதிக்கும் சிலந்தி, பழுப்பு நிறம், 7 மில்லிமீட்டர்' என்ற அளவில் நாளும் இடமும் குறித்து நிறுத்திக்கொண்டோம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் பாடத்தின் ஒரு பகுதியே.

6. பெயரின் வரலாறு

இச்சிலந்திக்கு அடான்சன் என்பவரின் பெயர் வந்த கதை சுவையானது. மிக்கேல் அடான்சன் என்னும் பிரெஞ்சு இயற்கை அறிஞர் 1749 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் தங்கி, அங்குள்ள செடிகொடிகளையும் உயிர்களையும் ஆராய்ந்தவர். நம் நாட்டில் பெருக்கமரம் என்றும் ஆனைப்புளி என்றும் வழங்கும் ஆப்பிரிக்கப் பெருமரத்தின் அறிவியற் பெயரான அடான்சோனியாவும் அவர் நினைவாக இடப்பட்டதே. அம்மரமும் இச்சிலந்தியும் ஆப்பிரிக்காவிலிருந்து நம் மண்ணுக்கு வந்தவை. இரண்டும் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

1798இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்தபோது அறிஞர் குழு ஒன்றையும் உடன் அழைத்துச் சென்றார். அக்குழுவில் இருந்த சவிஞி என்னும் இளைஞர் எகிப்தின் சிற்றுயிர்களை மிக நுட்பமான படங்களாக உருவாக்கினார். ஆனால் அவற்றுக்கு விளக்கம் எழுதும் முன்னரே, ஒளியைத் தாங்க இயலாத கொடிய கண்ணோய் அவரைப் பற்றியது. எஞ்சிய வாழ்நாளை அவர் இருளில் கழிக்க நேர்ந்தது. ஆகவே விக்டர் ஔதுவான் என்னும் மற்றோர் அறிஞர் அப்படங்களைக் கொண்டே விளக்கம் எழுதி, 1826இல் நம் சிலந்திக்கு அடான்சன் பெயரைச் சூட்டினார். எட்டுக் கண்ணுடைய சிற்றுயிர்களைத் துல்லியமாக வரைந்தவர் தம் இரு கண்களின் பயனையும் இழந்தார் என்பதைப் பேத்திக்குச் சொன்னபோது, அவள் ஏட்டை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தாள்.

பின்னர் 1871இல் யூஜீன் சிமோன் என்னும் பிரெஞ்சுச் சிலந்தியியலார் ஹசாரியஸ் என்னும் பேரினத்தை வகுத்து இதனை அதில் சேர்த்தார். இடைக்காலத்திலும் பிற்காலத்திலும் வெவ்வேறு நாட்டார் இதே சிலந்தியைத் தத்தம் ஊர்களில் கண்டு புதியதென எண்ணி வெவ்வேறு பெயர்கள் இட்டனர். முந்தைய பெயரே நிலைக்கும் என்பது அறிவியல் விதி. ஆகவே 1826இன் பெயர் நிலைத்தது.

7. நம் சுவரும் ஸ்டோலிச்காவும்

இங்கே நம் மாவட்டங்களோடு தொடர்புடைய செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் புதைந்துள்ளமையை நம் மாணவர் யாவரும் அறிவர். அக்கல்லே சிமெண்ட் ஆகி நம் சுவர்களாக எழுகிறது. அவ்வோடுகளை முறையாக விவரித்துப் பெயரிட்டவர்களுள் தலையாயவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் 1838இல் பிறந்து, 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தவர். தென்னிந்தியாவின் அக்காலத்துக் கடலுயிர்களைப் பற்றிய பெருநூல் வரிசையை எழுதி முடித்தவர். 1874இல் லடாக்கில் மறைந்தார். சுருள் ஓடுடைய அம்மோனைட்டு இனம் ஒன்றுக்கு அவர் 1865இல் அரியலூரின் பெயரையே இட்டார். 

அதே ஸ்டோலிச்கா 1869இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இந்தியச் சிலந்தி வகைகளைப் பற்றியும் ஆய்வுக்கட்டுரை எழுதினார் என்பதைப் பலர் அறியார். கோடி ஆண்டுப் பழமையுள்ள கல்லோட்டையும் சுவரில் ஓடும் சிலந்தியையும் அவர் ஒரே முறையில் நோக்கினார்: அளந்தார், வரைந்தார், கிடைத்த இடத்தைக் குறித்தார். நம் புட்டியில் இல்லாதுபோனது அந்த மூன்றாவது குறிப்பே.

8. கண்ணின் நுட்பம்

நம் பழைய நூல்கள் உயிர்களை அவற்றின் புலன்களைக் கொண்டே வகுத்தன. தத்துவார்த்த சூத்திரத்தில் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வொரு புலன் மிகுந்து செல்லும் வரிசையைக் காண்கிறோம். தொல்காப்பிய மரபியலும் அறிவின் எண்ணிக்கையால் உயிர்களை வகுக்கிறது. ஓர் உயிர் உலகை எவ்வாறு உணர்கிறது என்பதே அவ்வுயிரை அறியும் வாயில் என்று முன்னோர் கருதினர் போலும். அவ்வகையில் இச்சிலந்தியின் கண் தனியே பேசத்தக்கது.

2012இல் ஜப்பானின் ஒசாகா நகரத்து ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் தேர்ந்துகொண்டது நம் சுவரில் கண்ட இதே ஹசாரியஸ் அடான்சோனியைத்தான். முன்னுள்ள இரண்டு பெரிய கண்களை மட்டும் விட்டு மற்றவற்றை வண்ணப்பூச்சால் மறைத்தனர். பச்சை ஒளியில் அது இரையின் தொலைவைச் சரியாகக் கணித்துத் தாவியது. செவ்வொளியில் தொலைவைக் குறைவாகக் கணித்து, இரையை எட்டாமல் முன்னரே விழுந்தது.

காரணம் இது. அப்பெரிய கண்ணின் விழித்திரை நான்கு அடுக்குகளாக உள்ளது. அவற்றுள் இரண்டு பச்சை ஒளியை உணர்பவை. ஓரடுக்கில் உருவம் தெளிவாகவும் மற்றோரடுக்கில் மங்கலாகவும் விழும். அந்த மங்கலின் அளவைக் கொண்டே சிலந்தி தொலைவை அறிகிறது. செந்நிற ஒளி குவியும் இடம் வேறாதலால் அதன் கணக்கு தவறுகிறது. நாம் இரண்டு கண்களால் ஒரே பொருளை நோக்கித் தொலைவை அறிகிறோம். சிலந்தி ஒரு கண்ணுக்குள் அடுக்கிய திரைகளைக் கொண்டு அறிகிறது. நூல்வழி வேற்று முறை ஒன்று உயிரினத்தில் உண்டென்று உறுதிப்பட்டதற்கு நாம் ஒட்டடைக் கம்பால் தள்ளிவிடும் இச்சிற்றுயிரே சான்றாயிற்று.

9. பேத்தியின் வினா

இனி, ஒரு புதிய இனத்தை அறிவியலார் எவ்வாறு பதிவு செய்கின்றனர் என்பதைக் காண்போம். கிடைத்த சிலந்தியை ஸ்பிரிட்டில் பாதுகாத்து, ஆணின் உணர்கால் நுனியையும் பெண்ணின் அடிவயிற்று உறுப்பையும் நுண்ணோக்கியில் கண்டு வரைவர். ஒவ்வோர் உறுப்பையும் அளப்பர். நெருங்கிய இனங்களினின்று எவ்வகையில் வேறுபடுகிறது என்று எழுதுவர். அந்த ஓர் உடலை மூலமாதிரி எனக் குறித்து அருங்காட்சியகத்தில் வைப்பர். பெயரைப் பற்றி ஐயம் எழும்போதெல்லாம் அதனோடு ஒப்பிட்டே தீர்ப்பர்.

இப்பணி இன்றும் தொடர்கிறது. 2019இல் துருவ் பிரஜாபதி முதலிய ஆய்வாளர்கள், கேரளம், தமிழ்நாடு, குஜராத் ஆகிய மாநிலங்களில் காணப்படும் குதிக்கும் சிலந்தி ஒன்றுக்கு மட்டைப்பந்து வீரர் சச்சின் டெண்டுல்கரின் பெயரை இட்டனர். 2022 ஏப்ரலில், உலகச் சிலந்தி அட்டவணையில் ஐம்பதாயிரமாவது இனம் பதிவாயிற்று. அதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்த குதிக்கும் சிலந்தியே. 2024இல் கிரண் மராத்தே, ஜான் காலேப் முதலியோர், தென்னிந்தியாவின் வறண்ட நிலத் தரைகளில் வாழும் குதிக்கும் சிலந்திகளுக்கெனத் தென்கண என்னும் புதிய பேரினத்தை வகுத்தனர். கன்னடத்தில் தெற்கு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இவற்றை எல்லாம் கேட்ட பேத்தி, "அப்படியென்றால் பெயர் வைக்க ஒன்றைக் கொன்றுதான் ஆக வேண்டுமா? நம் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்கவே கூடாதா?" என்று கேட்டாள்.

மழுப்பி விடை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் அவ்வாறே நடந்து வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டோம். நம் சுவரிலிருந்த சிலந்தியை நாம் கொல்லாமலே இனங்கண்டோம். ஆனால் அதைச் சொல்லிப் பெருமை கொள்ள இயலாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ எகிப்தில் சேகரித்தவையும், பின்வந்தோர் அருங்காட்சியகங்களில் காத்தவையும் இருந்தமையாலன்றோ நம்மால் ஒப்பிட முடிந்தது? அக்கடன் நம்மீது உள்ளது. மனமறிந்து ஓருயிரைக் கொல்லாமை இல்லறத்தார்க்கும் உரிய விரதம். அவ்விரதத்தை நாம் விட வேண்டியதில்லை. பிறர் உழைப்பின் பயனைப் பெற்றுக்கொண்டு அவர்களை இகழவும் வேண்டியதில்லை.

கொல்லாமல் செய்யத்தக்க பணி ஏராளமாக உள்ளது என்றும் சொன்னோம். ஒவ்வோர் இனமும் எம்மாதத்தில் தோன்றுகிறது, எதை உண்கிறது, எவ்வாறு துணை தேடுகிறது, குஞ்சுகளை எவ்வாறு காக்கிறது என்பன உயிரோடு நோக்கியே அறியத்தக்கவை. சிலந்தி வளரும்போது உரித்துவிடும் தோலும், சன்னல் விளிம்பில் தானே மடிந்து கிடக்கும் உடலும் நாள், இடக் குறிப்போடு பாதுகாக்கப்பட்டால் ஆய்வுக்கு உதவும். ஒரு முறை செவ்வையாகப் பதிவாகிவிட்ட இனத்தைப் பள்ளிப் பெட்டிக்காக ஆண்டுதோறும் கொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. இவ்விடையால் அவள் முழுதும் நிறைவுற்றாள் என்று சொல்வதற்கில்லை. அவள் எதைப் பயில்வாள் என்பதை அவளே முடிவு செய்வாள். கேள்வி அவளிடம் இருப்பதே நமக்கு மகிழ்ச்சி.

10. நிறைவாக

இல்லத்தரசியர்க்கு இரண்டு சொற்கள். ஒட்டடை இச்சிலந்தியின் வேலை அன்று. இது வலை பின்னுவதில்லை. கொசு, ஈ போன்றவற்றை உண்டு வாழும் இதனால் மனிதர்க்குத் தீங்கில்லை. காலையில் உதட்டோரம் கொப்புளம் கண்டால் எட்டுக்கால் பூச்சியின்மேல் பழி போடுவது நம் வழக்கம். அது பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. மருத்துவரிடம் காட்டுவதே முறை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் பர்வ நாட்களுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போதும் சுவரில் தாவும் இச்சிற்றுயிரைக் கண்டால், ஒரு தம்ளரும் அட்டையும் கொண்டு வெளிச்சுவருக்கு மாற்றிவிட்டால் போதும்.

ஊருக்குப் புறப்படும் நாளில் பேத்தி ஏட்டின் முதல் பக்கத்தை நிரப்பினாள். ஹசாரியஸ் அடான்சோனி, ஆண், ஒன்று, பெரம்பலூர், வீட்டு முன்கூடம், கிழக்குச் சுவர், தரையிலிருந்து நான்கடி உயரம், நாள், நேரம். கடைசி வரியாக, 'நோக்கிய பின் அதே சுவரில் விடப்பட்டது' என்று எழுதினாள். ஐம்பதாண்டுகளுக்கு முன் நம் புட்டியின்மேல் இருந்திருக்க வேண்டிய குறிப்பு அது. அடியில் எங்கள் இருவரின் கையெழுத்தும் உள்ளது.

பிள்ளைகளுக்கான பயிற்சி

1. உங்கள் வீட்டில் காணும் சிலந்திகளை, வலை பின்னுபவை, வலை பின்னாதவை என இரண்டாகப் பிரித்து எழுதுக.

2. குதிக்கும் சிலந்தி ஒன்றைத் தம்ளர் முறையில் பத்து நிமிடம் நோக்கி, கண்டது, கருதியது என இரண்டு பத்திகளில் எழுதுக. பின் அதே இடத்தில் விட்டுவிடுக.

3. அதன் முன்னே மெல்ல விரலை இடமும் வலமும் நகர்த்துக. அது உடலைத் திருப்பி நோக்குகிறதா?

4. நாளும் இடமும் குறிக்காத சேகரிப்பு ஏன் பயனற்றது? நான்கு வரிகளில் விடை தருக.

5. பேத்தியின் வினாவுக்கு நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்? பெற்றோருடன் கலந்து பேசி எழுதுக.